சந்திப்பு முனை இனியும் தேவையா? மல்டிகாஸ்ட் ரவுட்டிங் அமைக்கும் வழக்கம் குறித்து ஒரு மதிப்பீடு

பங்குச் சந்தையில் ஒரு விலை மாறுகிறது. அந்தச் செய்தியை நூறு வர்த்தக நிறுவனங்களின் கணினிகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி டிசிபி இணைப்பு என்றால், சர்வர் ஒரே செய்தியை நூறு தடவை அனுப்ப வேண்டியிருக்கும். முதலாமவருக்கு அனுப்பிய பிறகுதான் இரண்டாமவரின் முறை வரும். மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன் வசதியில் ‘டிக்-பை-டிக்’ விலைத் தரவு தொடக்க ஆண்டுகளில் இப்படித்தான் விநியோகிக்கப்பட்டது. முந்தி இணைந்தவருக்குத் தரவும் முந்திக் கிடைத்தது என்பதே பின்னர் எழுந்த வழக்கின் மையம். செபி 2019 ஏப்ரல் 30 அன்று பிறப்பித்த ஆணையில் ரூ.624.89 கோடியை வட்டியோடு செலுத்தும்படி அந்தச் சந்தைக்குச் சொன்னது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 ஜனவரியில் அந்தத் தொகையை ரத்து செய்து, போதிய கவனம் காட்டாததற்காக ரூ.100 கோடி கட்டச் சொன்னது. சட்டப் பக்கம் எப்படியிருந்தாலும், பொறியியல் பக்கத்துக்கான விடை 2014-லேயே வந்துவிட்டது: அந்த ஆண்டு மல்டிகாஸ்ட் வழியிலான விநியோகத்தைச் சந்தை தொடங்கியது. சர்வர் ஒரு பாக்கெட்டை ஒரே தடவை அனுப்பும். பிரதி எடுக்கும் வேலையை ஸ்விட்சுகளும் ரவுட்டர்களும் வன்பொருளிலேயே முடித்துவிடும். சர்வரின் வாசலில் வரிசை இல்லை.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்றும் உண்டு. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே பந்து, ஒரே விக்கெட். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனி ஓடை. ஆளுக்கு 2 மெகாபிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நொடிக்கு 118 டெராபிட் ஆகிறது. மல்டிகாஸ்ட்டுக்காகவே வகுத்ததுபோன்ற இந்தத் தருணத்தில் மல்டிகாஸ்ட் எங்குமே தென்படவில்லை.

ஓரிடத்தில் கொடிகட்டிப் பறக்கும் நுட்பம் இன்னோரிடத்தில் ஏன் எடுபடவில்லை? “மல்டிகாஸ்ட் கஷ்டம்” என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். பிரதி எடுப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. அனுப்புபவர் யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை வலையமைப்பின் தலையில் ஏற்றியதில்தான் கஷ்டம் பிறந்தது. நாம் இன்றும் பழக்கத்தால் செய்துவரும் கட்டமைப்பு முறை அந்தச் சுமையைக் கேள்வி கேட்காமல் சுமக்கிறது.

மூலக் கருத்தின் வலிமை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங், தம் வழிகாட்டி டேவிட் செரிட்டனோடு சேர்ந்து 1980-களின் நடுவில் உருவாக்கிய கருத்து இது. 1989 ஆகஸ்ட்டில் வெளிவந்த ஆர்எஃப்சி 1112 அதற்கு நிலையான வடிவம் தந்தது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் எந்தக் கணினிக்கும் சொந்தமில்லை. அவை குழுக்களின் முகவரிகள். கேட்க விரும்பும் கணினி, ஐஜிஎம்பி செய்தி மூலம் தன் ரவுட்டரிடம் “இந்தக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்” என்கிறது. அனுப்புபவருக்குக் கேட்பவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பத்துப் பேர் பத்தாயிரம் பேர் ஆனாலும் அவர் அனுப்புவது ஒரே பாக்கெட்தான்.

இதன் லாபம் வெளிப்படை. ஒரு வளாகத்தில் 500 பேர் 8 மெகாபிட் வீடியோ ஒன்றைப் பார்த்தால், யூனிகாஸ்ட்டில் சர்வரின் வாசலிலேயே 4 கிகாபிட் வேண்டும். மல்டிகாஸ்ட்டில் எந்த ஒரு இணைப்பிலும் 8 மெகாபிட்டைத் தாண்டாது. ஒளிபரப்பு நிலையங்களில் எஸ்எம்பிடிஇ 2110 தரத்தின்படி சுருக்கப்படாத எச்டி ஓடை ஒவ்வொன்றும் ஒரு கிகாபிட்டைத் தாண்டும். ஒரே கேமராவின் படத்தைக் கலவை மேசைக்கும் பதிவுக் கருவிக்கும் கண்காணிப்புத் திரைக்கும் தனித்தனியாக அனுப்பினால் கேமராவின் போர்ட்டில் பாரம் பல மடங்காகும். அங்கே மல்டிகாஸ்ட் இன்றியமையாதது.

வழி கண்டுபிடிக்கும் முறையிலும் ஒரு நேர்த்தி உண்டு. மல்டிகாஸ்ட் மரம் கேட்பவரிடமிருந்து மூலத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது. பாக்கெட் ஒன்று வந்தால் ரவுட்டர் முதலில் பார்ப்பது, “இதை அனுப்பியவருக்கு நான் பாக்கெட் அனுப்புவதென்றால் எந்த வழியாக அனுப்புவேன்?” என்பதை. அதே வழியாக வந்திருந்தால் ஏற்கும். வேறு வழியாக வந்திருந்தால் தூக்கி எறியும். ஆர்பிஎஃப் எனப்படும் இந்த ஒரே சோதனை பாக்கெட்டுகள் சுற்றிச்சுற்றி வருவதைத் தடுத்துவிடுகிறது. இதற்கெனத் தனி ரவுட்டிங் அட்டவணையும் வேண்டாம். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, ஸ்டாட்டிக் என எது எழுதிய அட்டவணையையும் மல்டிகாஸ்ட் மரத்தைக் கட்டும் பிம் நெறிமுறை பயன்படுத்திக்கொள்கிறது. அதன் பெயரிலேயே ‘நெறிமுறை சாராதது’ என்று இருப்பது இதனால்தான்.

ரவுட்டரில் எழுத வேண்டியதும் அதிகமில்லை. சிஸ்கோ மொழியில் சொன்னால், ‘ஐபி மல்டிகாஸ்ட்-ரவுட்டிங்’ என்று பொதுவாக ஒரு வரி. ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் ‘ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோடு’ என்று ஒரு வரி. பிறகு மூன்றாவதாக, ‘ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ்’ என்று தொடங்கும் வரி. முதல் இரண்டும் அமைதியாகத் தம் வேலையைப் பார்க்கும். தொல்லையின் பெரும்பகுதி மூன்றாவதில் ஒளிந்திருக்கிறது.

தரகர் எப்படி வந்தார்

தொடக்கத்தில் அந்த மூன்றாவது வரி இல்லை. 1988-இல் வந்த டிவிஎம்ஆர்பி நெறிமுறை, புதிய மூலம் ஒன்று பேசத் தொடங்கியதும் அதன் பாக்கெட்டுகளை வலையமைப்பு முழுக்கப் பரப்பியது. வேண்டாதவர்கள் “எங்களுக்கு வேண்டாம்” என்று கிளைகளை வெட்டிக்கொண்டார்கள். 1992 மார்ச்சில் சான் டியாகோவில் கூடிய ஐஇடிஎஃப் கூட்டத்தின் ஒலியை இணையத்தில் ஏற்றிய எம்போன் என்ற மல்டிகாஸ்ட் வலையமைப்பு இந்த அடித்தளத்தில்தான் நின்றது. 1994 நவம்பரில் டல்லஸ் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய கச்சேரியின் ஒரு பகுதியும் எம்போனில் போனது. ஆனால் கேட்க ஒருவரும் இல்லாத கிளைகளுக்கும் முதலில் வெள்ளம் போய்த் திரும்ப வேண்டும் என்பது வளரும் இணையத்துக்கு ஒத்துவராது. இதே வழியில் வந்த பிம் டென்ஸ்-மோடில் வெட்டிய கிளை மூன்று நிமிடத்தில் மறுபடி துளிர்க்கும். மறுபடி வெள்ளம், மறுபடி வெட்டு. மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் திணறும் வலையமைப்பின் நோயைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

ஆகவே டீரிங், டெபோரா எஸ்ட்ரின், டினோ ஃபரினாச்சி, வேன் ஜேக்கப்சன் முதலியோர் 1994-இல் மறுபக்கத்திலிருந்து யோசித்தார்கள். கேட்டவருக்கு மட்டும் கொடு. கேட்காதவருக்கு ஒரு பாக்கெட்டும் போகக் கூடாது. ஸ்பார்ஸ்-மோடின் அறம் அது. ஆனால் கேட்பவர் குழுவின் பெயரை மட்டும்தான் சொல்கிறார். அந்தக் குழுவில் யார் பேசுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. பேசுபவருக்கும் கேட்பவர் யாரென்று தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் அறிய ஓர் இடம் வேண்டும். அந்தச் சந்திப்பு முனையே ரெண்டெவூ பாயிண்ட், சுருக்கமாக ஆர்பி.

ஆர்பி ஒரு கல்யாணத் தரகர். கேட்பவரின் ரவுட்டர் அவரிடம் பதிவு செய்கிறது. மூலத்தின் பக்கத்து ரவுட்டர் தனக்கு வந்த முதல் பாக்கெட்டுகளைப் பொட்டலம் கட்டி யூனிகாஸ்ட்டில் அவரிடம் அனுப்புகிறது. அவர் இரு வீட்டாரையும் அறிமுகம் செய்துவைக்கிறார். அறிமுகம் ஆன கணத்திலேயே கேட்பவரின் ரவுட்டர் மூலத்தின் முகவரியைத் தெரிந்துகொண்டு, அங்கே போகும் மிகக் குறுகிய வழியில் நேரடியாக மரத்தை நீட்டுகிறது. சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் இந்த மாற்றம் முதல் பாக்கெட்டைக் கண்டதுமே நடந்துவிடும். அதன்பின் தரகரின் வீட்டைத் தொடாமலே தரவு ஓடலாம்.

அப்படியென்றால் ஆர்பியின் உண்மையான வேலை ஒரு கண நேரத் தகவல்தான்: “இந்தக் குழுவில் பேசுபவரின் முகவரி இது.” அந்த ஒரு வரித் தகவலுக்காக நாம் கட்டியிருக்கும் மாளிகை எவ்வளவு பெரிது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

ஒரு வரியின் விலை

ஆர்பி யார் என்பதை எல்லா ரவுட்டர்களும் ஒருமித்து அறிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு ரவுட்டரில் பழைய முகவரி தங்கிவிட்டாலும், அந்தக் கிளையிலுள்ளவர்கள் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். முகவரியைக் கையால் எழுதுவது ஒரு வழி. ரவுட்டர்கள் பெருகியதும் அதைத் தானாகப் பரப்ப வேண்டியதாயிற்று. சிஸ்கோவின் ஆட்டோ-ஆர்பி அதற்காக வந்தது. பிறகு பொதுத் தரமாக பிஎஸ்ஆர் வந்தது.

ஆட்டோ-ஆர்பியின் கதை ஒரு பாடம். ஆர்பி யார் என்ற அறிவிப்பை அது 224.0.1.39, 224.0.1.40 என்ற இரு மல்டிகாஸ்ட் குழுக்களில் அனுப்புகிறது. அந்தக் குழுக்களைக் கேட்க ஆர்பி வேண்டும். ஆர்பி யாரென்று அறிய அந்தக் குழுக்களைக் கேட்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஸ்பார்ஸ்-டென்ஸ் என்ற கலப்பு முறை கொண்டுவரப்பட்டது: ஆர்பி தெரிந்த குழுக்கள் ஸ்பார்ஸ், தெரியாதவை டென்ஸ். விளைவு என்ன? ஆர்பி பற்றிய தகவல் காணாமற்போன நாளில் எல்லாக் குழுக்களும் டென்ஸ் முறைக்குச் சரிந்து, எந்த வெள்ளத்தைத் தவிர்க்க ஆர்பியை வைத்தோமோ அதே வெள்ளம் வலையமைப்பெங்கும் பாயும். அதைத் தடுக்க இன்னும் இரண்டு கட்டளைகள் பின்னர் சேர்க்கப்பட்டன. மருந்துக்கு மருந்து, அதற்கும் மருந்து.

ஒற்றை ஆர்பி விழுந்தால்? ஓடிக்கொண்டிருக்கும் ஓடைகள் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும், ஏனெனில் அவை ஏற்கெனவே நேர்வழிக்கு மாறிவிட்டன. புதிதாக வருபவருக்கு மட்டும் படம் வராது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. தொலைபேசியில் மட்டும் புகார். ஆகவே இரண்டு ஆர்பி வைக்கிறோம். இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுத்து, அருகிலிருப்பதிடம் போகச் செய்வது எனிகாஸ்ட்-ஆர்பி. ஒரு ஆர்பி அறிந்த மூலத்தை மற்றதற்குச் சொல்ல வழக்கமாக எம்எஸ்டிபி என்ற இன்னொரு நெறிமுறை வைக்கப்படுகிறது. அந்தப் பொது முகவரியை லூப்பேக்கில் எழுதும்போது, ஓஎஸ்பிஎஃப் அதையே தன் ரவுட்டர்-ஐடியாக எடுத்துக்கொண்டால் ஒரே ஐடியுடன் இரண்டு ரவுட்டர்கள் உருவாகி, மல்டிகாஸ்ட்டைச் சரிசெய்யப் போய் யூனிகாஸ்ட் ரவுட்டிங்கே குலையும். அனுபவமுள்ளவர்கள் ரவுட்டர்-ஐடியைக் கையால் முதலில் எழுதிவிட்டுத்தான் அந்த லூப்பேக்கைத் தொடுவார்கள்.

நிறுவனங்களுக்கு இடையே இதே எம்எஸ்டிபியைப் பயன்படுத்தியபோது பாதிப்பு இன்னும் பெரிதானது. 2001 ஜனவரியில் பரவிய ராமென் என்ற லினக்ஸ் புழு, தாக்குவதற்கு இரை தேடிக் கண்ட முகவரிக்கெல்லாம் பாக்கெட் அனுப்பியது. அவற்றில் மல்டிகாஸ்ட் முகவரிகளும் அடக்கம். புழு தொட்ட ஒவ்வொரு குழுவும் “இங்கே ஒரு புதிய மூலம்” என்ற அறிவிப்பாக மாறி, எம்எஸ்டிபி வழியே உலகின் மல்டிகாஸ்ட் ரவுட்டர்களுக்கெல்லாம் பரவியது. குழுவின் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்ற தாராளத்தை வலையமைப்பே விளம்பரம் செய்தால் இப்படித்தான் முடியும். ஒரு நிறுவனத்துக்குள்ளும் இதே குறை உண்டு. யாரோ ஒருவர் தம் மடிக்கணினியிலிருந்து அதே குழு முகவரிக்கு எதையாவது அனுப்பினால், அது எல்லாக் கேட்பவர்களுக்கும் போகும். அதைத் தடுக்க ஆர்பியில் வடிகட்டி, அந்த வடிகட்டிக்குப் பராமரிப்பு.

ஆர்பியின் தலையில் போடக் கூடாத பழிகள்

நேர்மையான மதிப்பீடு, எல்லாப் பழியையும் ஒருவர் மேல் சுமத்தாது. மல்டிகாஸ்ட்டின் பல தொல்லைகளுக்கும் ஆர்பிக்கும் தொடர்பில்லை.

முதலாவது, ஆர்பிஎஃப் சோதனையின் மௌனம். இரண்டு சம வழிகள் இருக்கும் இடத்தில் ஒன்றில் மட்டும் பிம் இயக்கப்பட்டிருந்தால், ரவுட்டர் மற்ற வழியையே சரியான வழி என்று தேர்ந்துகொள்ளக்கூடும். பாக்கெட் பிம் உள்ள வழியில் வரும், சோதனையில் தோற்கும், சத்தமில்லாமல் மறையும். பிங் போகும், யூனிகாஸ்ட் முழுக்கச் சரியாக இருக்கும், படம் மட்டும் வராது. ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ என்ற கட்டளையை ஒவ்வொரு ரவுட்டரிலும் கேட்பவரிடமிருந்து மூலம் வரை அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். தப்பிக்கும் விதி எளிது: யூனிகாஸ்ட் ரவுட்டிங் ஓடும் எல்லா இன்டர்ஃபேஸ்களிலும், விதிவிலக்கின்றி, பிம் ஓட வேண்டும்.

இரண்டாவது, டிடிஎல். ஆர்எஃப்சி 1112-இன்படி, மென்பொருள் வேறெதுவும் சொல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் டிடிஎல் மதிப்பு 1. முதல் ரவுட்டரோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ஒரே விலானில் சோதித்துப் பார்த்துவிட்டு “மென்பொருள் சரியாக இருக்கிறது, ரவுட்டரில்தான் கோளாறு” என்று எழுதப்படும் புகார்களில் கணிசமானவற்றின் வேர் இதுதான்.

மூன்றாவது, ஸ்விட்சின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். எந்தப் போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு அங்கே மட்டும் அனுப்புவது அதன் வேலை. அந்தப் பதிவு நிலைக்க வேண்டுமானால் யாராவது அவ்வப்போது “இன்னும் கேட்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். ரவுட்டர் இல்லாத விலானில் அப்படிக் கேட்க ஆளில்லை. கேமரா படம் அழகாக வரும். நான்கு நிமிடம் சொச்சம் கழித்து நின்றுவிடும். மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடி வரும். அந்த விலானில் ஸ்னூப்பிங் குவெரியரை இயக்கும் ஒரு வரி இதைத் தீர்க்கும். ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுவது நோயாளியைக் கொன்று நோயைத் தீர்ப்பது.

நான்காவது, ஈதர்நெட் முகவரியின் சிக்கனம். குழு முகவரியில் மாறக்கூடிய 28 பிட்டுகளில் 23 மட்டுமே மேக் முகவரிக்குள் போகின்றன. ஆகவே 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பகிர்கின்றன. 239.128.0.5 என்று ஒரு குழுவைத் தேர்ந்தவர், ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் 224.0.0.5-இன் மேக் முகவரியையே தேர்ந்தவர் ஆகிறார். அந்த வகை முகவரிகளைப் பல ஸ்விட்சுகள் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரப்பும்.

வைஃபை ஐந்தாவது. அங்கே மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு ஒப்புகை கிடையாது, மறுமுறை அனுப்புதல் கிடையாது. எல்லோருக்கும் எட்ட வேண்டுமென்று மிகக் குறைந்த வேகத்தில் போகிறது. ஆகவே பல அணுகுமுனைகள் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றியே அனுப்புகின்றன.

இவற்றோடு, யூடிபி மீது ஓடுவதால் தொலைந்தது தொலைந்ததுதான் என்பதும் உண்டு. சிகாகோவின் சிஎம்இ போன்ற சந்தைகள் ஒரே தரவை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு ஓடைகளாக அனுப்புவது இந்தக் குறையை விலை கொடுத்து ஈடுகட்டத்தான்.

இந்தக் குறைகளுக்கு ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நிற்கிறது. பெரும்பாலும் ஒரு கட்டளையில் தீர்கிறது. ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலில் அத்தனையையும் அடக்கிவிடலாம். ஆர்பியைச் சுற்றிய சிக்கல் அப்படிப்பட்டதன்று. அது ஒரு நெறிமுறையைத் தாங்க இன்னொரு நெறிமுறை என்று அடுக்கிக்கொண்டே போகிறது.

இரு வீட்டாரும் அறிமுகமானவர்கள் என்றால்

1999-இல் ஹியூ ஹால்புருக்கும், டீரிங்கின் பழைய வழிகாட்டியான செரிட்டனும் முன்வைத்த எக்ஸ்பிரஸ் என்ற வடிவமைப்பு இந்த இடத்தில்தான் கைவைத்தது. கேட்பவர் குழுவின் பெயரோடு மூலத்தின் முகவரியையும் சேர்த்தே சொல்லட்டும். ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பு 2002-இல் அதற்கு வழி செய்தது. 2006-இல் ஆர்எஃப்சி 4607 அதை எஸ்எஸ்எம் என்ற பெயரில் தரமாக்கியது. 232 என்று தொடங்கும் முகவரிகள் அதற்கென ஒதுக்கப்பட்டன.

என்ன மாறுகிறது? கேட்பவரின் ரவுட்டருக்கு மூலத்தின் முகவரி முதல் நொடியிலேயே தெரியும். நேராக அங்கே மரத்தை நீட்டுகிறது. ஆர்பி வேண்டாம். ஆட்டோ-ஆர்பி, பிஎஸ்ஆர், எனிகாஸ்ட்-ஆர்பி, எம்எஸ்டிபி, பொட்டலம் கட்டும் பதிவு, பாதியில் வழி மாறுதல் எல்லாம் போயிற்று. அழைக்காத மூலத்தின் பாக்கெட்டுக்கு மரமே கிடையாது என்பதால், மடிக்கணினிக்காரர் சும்மா கத்திக்கொண்டிருக்கலாம். குழு முகவரிகளுக்கு அடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு மூலத்துக்கும் ஏறக்குறைய 1.68 கோடி முகவரிகள் சொந்தம். கட்டமைப்பில் மூன்றாவது வரி மாறி, ‘ஐபி பிம் எஸ்எஸ்எம் டிஃபால்ட்’ என்றாகிறது. கேட்பவர் பக்க இன்டர்ஃபேஸில் ஐஜிஎம்பி 3. அவ்வளவே.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு: “மூலத்தின் முகவரி கேட்பவருக்கு எப்படித் தெரியும்?” இதற்குப் பதிலாக ஓர் எதிர்க்கேள்வி போதும். குழுவின் முகவரி அவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கிருந்தோ ஒரு சேனல் பட்டியல், ஓடையை விவரிக்கும் ஓர் எஸ்டிபி கோப்பு, ஒரு சந்தையின் தொழில்நுட்பக் கையேடு அதை அவருக்குச் சொல்லியிருக்கிறது. குழு முகவரியைச் சொன்ன அதே ஆவணம் பக்கத்திலேயே மூலத்தின் முகவரியையும் சொல்லலாம். எஸ்டிபி கோப்பில் அதற்கென்றே ஒரு வரி 2006 முதல் உண்டு. ஆர்பி கண நேரத்தில் சொல்லும் அந்த ஒரு வரித் தகவலை ஒரு கோப்பின் ஒரு வரி சொல்லிவிடுகிறது.

மற்ற மறுப்புகளுக்கு வலு உண்டு. ஐஜிஎம்பி 3 பேசத் தெரியாத பழைய கேமராக்களும் செட்-டாப் பெட்டிகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்காக ரவுட்டரிலேயே குழுவுக்கு மூலம் இன்னதென்று எழுதிவைக்கும் எஸ்எஸ்எம் மேப்பிங் உண்டு. ஆனால் கையால் எழுதும் பட்டியல் நீண்டால் அதுவும் சுமையே. மூலம் பழுதாகி வேறு முகவரிக்கு மாறினால் கேட்பவர் எல்லோருக்கும் புதிய முகவரி சொல்ல வேண்டும். இதைவிடப் பெரியது, எல்லோரும் எல்லோருக்கும் பேசும் பயன்பாடு. நூறு முனையங்கள் ஒரே குழுவில் மாறிமாறிப் பேசினால் எஸ்எஸ்எம்மில் நூறு மரங்கள். ஒவ்வொரு ரவுட்டரிலும் நூறு பதிவுகள். அங்கே இருதிசை பிம், அதாவது 2007-இல் ஆர்எஃப்சி 5015-இல் வந்த பிடிர், ஒரே பகிர்ந்த மரத்தில் வேலையை முடிக்கிறது. அதற்கு ஆர்பி வேண்டும். அங்கே ஆர்பி தன் சோற்றை உழைத்துச் சாப்பிடுகிறது.

ஐஇடிஎஃப் 2020 ஆகஸ்ட்டில் வெளியிட்ட ஆர்எஃப்சி 8815, நிறுவனங்களுக்கு இடையிலான மல்டிகாஸ்ட்டில் பழைய முறையைக் கைவிடச் சொன்னது. ஒரே நிர்வாகத்துக்குள் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. நியாயமான எல்லைக்கோடு. ஆனால் “தடுக்கவில்லை” என்பதை “அப்படியே தொடரலாம்” என்று வாசிப்பது சோம்பல்.

எஸ்எஸ்எம்மாலும் ஆகாதது

அப்படியானால் எஸ்எஸ்எம் வந்தும் 5.9 கோடிப் பேருக்கு ஏன் தனித்தனி ஓடை? இங்கே கட்டமைப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. இணைய நிறுவனங்கள் போக்குவரத்தின் அளவுக்கு ஏற்பக் காசு வாங்குகின்றன. உள்ளே ஒன்றாக வந்து வெளியே ஆயிரமாகப் போகும் பாக்கெட்டுக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு ஒப்புக்கொள்ளத்தக்க விடை பிறக்கவில்லை. நடுவழியில் ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மரம் அங்கேயே நின்றுவிடும். பார்ப்பவரோ நிறுத்திப் பார்க்க விரும்புகிறார், பின்னால் ஓட்ட விரும்புகிறார். அவர் கைப்பேசியின் சிக்னலுக்கேற்பப் படத்தின் தரம் மாற வேண்டும். விளம்பரமும் ஆளுக்கு ஆள் வேறு. நகரந்தோறும் கேஷ் சர்வர் வைக்கும் சிடிஎன் இவை அனைத்தையும் யார் அனுமதியும் கேட்காமல் செய்கிறது. விரயம்தான், ஆனால் வேலை செய்யும் விரயம்.

பெரிய கிளவுட் நிறுவனங்களும் நெடுங்காலம் மல்டிகாஸ்ட்டுக்குக் கதவு திறக்கவில்லை. அமேசான் 2019 இறுதியில்தான் டிரான்சிட் கேட்வே வழியாக அதை அனுமதித்தது. ரவுட்டர் நினைவில் பதிவுகள் பெருகுவது பற்றிய அச்சம் இன்னும் போகவில்லை. யூனிகாஸ்ட் வழிகளைச் சேர்த்துச் சுருக்குவதுபோலக் குழுக்களைச் சுருக்க முடியாது. ஒவ்வொரு ஓடைக்கும் வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் தனிப் பதிவு. 2017-இல் வந்த பியர் என்ற முறை, போக வேண்டிய இடங்களைப் பாக்கெட்டின் தலைப்பிலேயே பிட்டுகளாக எழுதி, நடு ரவுட்டர்களை அந்தச் சுமையிலிருந்து விடுவிக்கப் பார்க்கிறது. அந்தப் பாக்கெட்டைப் புரிந்துகொள்ளும் வன்பொருள் வழியெங்கும் பரவினால்தான் அது கைகொடுக்கும்.

ஆக, மல்டிகாஸ்ட்டின் வீடு எதுவென்பது தெளிவு. வலையமைப்பு ஒரே கையில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே தரவைக் கேட்க வேண்டும். அனுப்புபவர் அறியப்பட்டவராக இருக்க வேண்டும். சந்தை விலை, ஒளிபரப்பு நிலையம், ஐபிடிவி, வளாகக் கண்காணிப்பு போன்றவற்றுக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன. மூன்றாவது நிபந்தனையைக் கவனித்தால் ஒன்று விளங்கும்: மல்டிகாஸ்ட் வெற்றி பெற்ற இடங்களில் மூலம் யாரென்பது பெரும்பாலும் ரகசியமே இல்லை. தரகர் தேவைப்படாத வீடுகளில்தான் நாம் தரகரைக் குடிவைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலை நீடிப்பதற்குப் பெரிய காரணம் பாடம் நடத்தும் வரிசை. மல்டிகாஸ்ட் என்றதும் கரும்பலகையில் முதலில் ஆர்பி வரையப்படுகிறது. எஸ்எஸ்எம் கடைசி வகுப்பில் ஒரு பின்குறிப்பாக வருகிறது. மாணவர் வேலைக்குப் போனதும் கை பழகியதையே எழுதுகிறது. வரிசையைத் திருப்ப வேண்டும். ஆர்பிஎஃப், ஐஜிஎம்பி 3, எஸ்எஸ்எம் மூன்றும் முதல் பாடம். ஆர்பி இரண்டாம் பாடம், அதுவும் எப்போது தேவைப்படும் என்ற கேள்வியோடு. வலையமைப்பு வடிவமைப்பவரும் ‘ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ்’ என்று தட்டுவதற்கு முன்னால், எந்தக் குழுவின் மூலம் தனக்கே தெரியாது என்று எழுதிப் பார்க்கட்டும். பட்டியல் காலியாக இருந்தால் அந்த வரியை எழுத வேண்டியதில்லை. நான்கு பெயர் இருந்தால் அந்த நான்கு குழுக்களுக்கு மட்டும் ஆர்பி வைத்துக்கொள்ளலாம். மற்றவை 232-க்குப் போகட்டும்.